அறிதுயில்

தமிழில் நெஞ்சுக்குச் சொற்பஞ்சம் கிடையாது. நெஞ்சம், உள்ளம், அகம், மனம் என்று ஒரு மூச்சில் அடுக்கிவிடலாம். திருக்குறளின் காமத்துப்பாலில் நெஞ்சை முன்னிட்டே 'நெஞ்சொடு கிளத்தல்', 'நெஞ்சொடு புலத்தல்' என்று இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. அங்கே நெஞ்சு என்பது தலைவியின் பக்கத்தில் நிற்கும் இன்னோர் ஆள். சொன்னபடி கேளாத ஆள். ஆனால் மார்புக்கூட்டுக்குள் சுமார் 300 கிராம் எடையில், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்கித் தளரும் தசையைப் பற்றிப் பேச நேரும்போது நம் சொற்கள் தடுமாறத் தொடங்கிவிடுகின்றன. நாளிதழ்ச் செய்திகளில் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, துடிப்பு நின்றுபோதல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கு மற்றொன்றாக எழுதப்படுவதைக் காணலாம். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. செயலிழப்பு என்பது இதயம் ஓடிக்கொண்டிருந்தும் உடலின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போவது. நின்றுபோதல் என்பது நின்றுபோதல்தான்.

இவற்றோடு சேராத நான்காவது நிலை ஒன்று உண்டு. அறுவை சிகிச்சைக்காக மருத்துவர்களே இதயத்தை நிறுத்தி, சில மணித்துளிகளோ மணிகளோ அப்படியே வைத்திருந்து, பிறகு ஓடவிடுவது. கார்டியோப்ளீஜியா என்று அதற்குப் பெயர். அச்சொல்லின் கிரேக்க வேர்களை நேராகப் பெயர்த்தால் 'இதய வாதம்' என்று வரும். பக்கவாதத்தில் வருகிற அதே வாதம். இது எனக்கு உவப்பாக இல்லை. நான் சில ஆண்டுகளாக என்னளவில் இதை 'அறிதுயில்' என்று வழங்கி வருகிறேன். பாற்கடலில் பள்ளிகொண்டவனுக்கு உரிய சொல் அது. உளவியலார் அதை வேறொரு பொருளில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். இருப்பினும் இந்த நிலைக்கு அது பொருந்துவதுபோல் வேறெதுவும் பொருந்தவில்லை. துயில்வது இதயம், அறிவு விழித்திருப்பது அதைச் சுற்றி நிற்பவர்களிடம்.

*

2014-ஆம் ஆண்டு என் அக்காவுக்கு மதுரை மருத்துவமனை ஒன்றில் இதய வால்வு மாற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அக்காவுக்கு வயது 42. சிறுமியாக இருந்தபோது தொண்டைப்புண்ணும் அதைத் தொடர்ந்து காய்ச்சலும், முழங்காலில் தொடங்கிக் கணுக்கால், முழங்கை என்று மூட்டுக்கு மூட்டு இடம் மாறும் வீக்கமும் வந்ததை அம்மா நினைவு வைத்திருந்தார். ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் புகுந்த கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் தற்காப்புப் படை, ஆள் மாறாட்டத்தில் தன் சொந்த இதயத்தின் வால்வுகளையே தாக்கிவிடும் நோய் அது. காய்ச்சல் போய்விடும், வால்வில் விழுந்த வடு மட்டும் ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும். நாற்பது வயதில் அக்காவால் மாடிப்படி ஏற முடியவில்லை. இரவில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் உறக்கம். எக்கோ எடுத்துப் பார்த்ததில், இதயத்திலிருந்து மகாதமனி புறப்படும் வாசலில் உள்ள வால்வு குறுகியும் இருந்தது, கசியவும் செய்தது. குறுகிய வாசல் வழியாக ரத்தத்தை உந்தி உந்தி இடது கீழறையின் சுவர் தடித்துவிட்டிருந்தது. ஒவ்வொரு சுருக்கத்திலும் அறையில் உள்ள ரத்தத்தில் 45 சதவீதமே வெளியேறியது. நல்ல இதயத்தில் அது 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை மருத்துவர் எங்களை அழைத்துப் பேசினார். படம் போட்டுக் காட்டி, நெஞ்செலும்பைப் பிளப்பதிலிருந்து தையல் போடுவது வரை சொல்லிவிட்டு, "வால்வு மாத்துறதுல எனக்குப் பயம் இல்ல சார். அது எங்க கைவேலை. உள்ள இருக்கற அந்த ஒண்ணேகால் மணி நேரமும் தசையைக் கெடாம வச்சிருக்கணும். அதுலதான் எல்லாம் இருக்கு" என்றார். அதுவரை பேசாமலிருந்த அம்மா, "நிறுத்துனா மறுபடி ஓடுமா தம்பி?" என்று கேட்டார். "ஓடும்மா. நாங்க ஓட்ட வேண்டியதே இல்ல. அதுவா ஓடும்" என்றார் மருத்துவர். அம்மாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

அக்கா ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். கையில் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில், மருந்துப் பட்டியலுக்கு மேலே மூன்று வரிகள் இருந்தன. மகாதமனியில் இடுக்கி இருந்த நேரம் 78 நிமிடம். குளிர்ந்த ரத்தக் கார்டியோப்ளீஜியா, முதலில் கரோனரித் தமனிகளின் வாய் வழியாகவும் பின்னர் கரோனரி சைனஸ் வழியாகப் பின்னோக்கியும் செலுத்தப்பட்டது. இடுக்கி அகற்றப்பட்டதும் இதயம் தானாகவே இயல்பான லயத்துக்குத் திரும்பியது. உரையாசிரியர்களைப் படித்தும் பாடம் சொல்லியும் காலம் கழிப்பவனுக்குப் பொருள் விளங்காத தொடர் ஒன்றைக் கடந்துபோவது எளிதன்று. அந்த மூன்று வரிகளுக்கு எனக்கு நானே உரை தேடிக்கொண்டேன். மருத்துவ நண்பர்கள் சிலர் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள். நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் அந்த இடுக்கி.

இதயத்தைத் திறந்து வேலை செய்ய வேண்டுமானால் அதன் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்று உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரம், 1953-ஆம் ஆண்டு மே 6 அன்று 18 வயதுப் பெண் ஒருவரின் உயிரை 26 நிமிடங்கள் முழுமையாகத் தாங்கி நின்றது. இதயத்தின் மேலறைகளுக்கு இடையில் இருந்த ஓட்டையைக் கிப்பன் தைத்து மூடினார். அவ்வகையில் உலகின் முதல் வெற்றி அது. அடுத்து அதே இயந்திரத்தோடு செய்த அறுவைகளில் குழந்தைகள் இறந்துபோகவே, கிப்பன் இதய அறுவையையே விட்டுவிட்டார் என்பது அந்த வெற்றியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி.

இயந்திரம் உடல் முழுவதற்கும் ரத்தம் தருகிறது. ஆனால் அது தரும் ரத்தம் மகாதமனி வழியாக இதயத்தின் பக்கம் திரும்பி வந்தால் வேலை செய்யும் இடம் ரத்தத்தில் முழுகிவிடும். எனவே மகாதமனியின் அடிப்பகுதியில் குறுக்காக ஓர் இடுக்கி போடுகிறார்கள். இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரித் தமனிகள் பிரிவது அந்த இடுக்கிக்குக் கீழே, வால்வை ஒட்டிய இடத்தில். ஆக, இடுக்கி விழுந்த கணத்திலிருந்து மூளைக்கு ரத்தம் உண்டு, ஈரலுக்கு உண்டு, கால் சுண்டுவிரலுக்கும் உண்டு. இதயத்துக்கு மட்டும் இல்லை. ஊருக்கெல்லாம் பரிமாறியவள் அடுக்களையில் பட்டினி கிடப்பதுபோல. அக்காவின் 78 நிமிடங்கள் இந்தப் பட்டினியின் நேரம்.

பட்டினியைத் தாங்க முதலில் கண்ட வழி குளிர். கனடாவின் டொராண்டோவில் வில்ஃப்ரெட் பிகலோ, உடலைக் குளிர்வித்தால் உறுப்புகளின் ஆக்ஸிஜன் தேவை குறையும் என்பதை விலங்குகளில் காட்டினார். பனிக்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கிக் கிடக்கும் கிரவுண்ட்ஹாக் என்ற விலங்கை அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார். 1952-ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று, கிப்பனின் வெற்றிக்கு முன்பே, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடல் முழுவதையும் 28 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை ஐந்தரை நிமிடம் நிறுத்தி, இதயத்தில் இருந்த ஓட்டையை மூடினார். சிறுமி பிழைத்தாள். ஆனால் ஐந்தரை நிமிடத்தில் ஓட்டையை அடைக்கலாம். வால்வை மாற்ற முடியாது.

*

இரண்டாம் வரியின் உரை, லண்டனில் ஒரு தவளையின் இதயத்தில் தொடங்குகிறது.

1880களின் தொடக்கத்தில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், உடலிலிருந்து எடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். வடிநீரில் செய்த கரைசல் என்று அவர் எண்ணியிருந்தது உண்மையில் உதவியாளர் குழாய்நீரில் செய்தது என்பது பிறகு தெரிய வந்தது. வடிநீரில் செய்த கரைசலிலோ இதயம் விரைவில் நின்றுபோயிற்று. லண்டன் குழாய்நீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை இதயத்தை ஓட்டியிருக்கிறது. இதைத் தொடர்ந்து சென்ற ரிங்கர், கால்சியமும் பொட்டாசியமும் இதயத்தில் எதிரெதிராக வேலை செய்வதைக் கண்டார். கால்சியம் மிகுந்தால் இதயம் சுருங்கி இறுகப் பார்க்கிறது. பொட்டாசியம் மிகுந்தால் தளர்ந்த நிலையில் நின்றுவிடுகிறது. நின்ற இதயத்தைப் பழைய கரைசலுக்குக் கொண்டுவந்தால் மீண்டும் துடிக்கிறது.

இதயத்தை நிறுத்துவதற்குப் பொட்டாசியம் போதும் என்பது அந்நாளிலேயே தெரிந்த செய்தி. நம் ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கிறது. அது வெகுவாக ஏறினால் இதயம் நிற்கும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் இளநீரைத் தொடாதே என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். 1982-இல் டெக்சாஸ் மாநிலத்தில் நச்சூசி மூலம் நிறைவேற்றப்பட்ட முதல் மரண தண்டனையில் கடைசியாகச் செலுத்தப்பட்டதும் பொட்டாசியம் குளோரைடே. கொலைக்கருவியும் மருந்தும் ஒரே உப்பு. வேறுபாடு அளவிலும், அதன் பிறகு என்ன செய்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

அந்த அளவைக் கண்டறிய மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் டெனிஸ் மெல்ரோஸ் 1955-ஆம் ஆண்டு பொட்டாசியம் சிட்ரேட்டைச் செலுத்தி இதயத்தை விரும்பிய நேரத்தில் நிறுத்தும் முறையை வெளியிட்டார். பலரும் ஆர்வத்தோடு பின்பற்றினார்கள். விரைவிலேயே அந்த முறையில் நிறுத்தப்பட்ட இதயங்களில் தசை கருகியிருப்பது தெரிய வந்தது. அவருடைய கரைசலின் செறிவு லிட்டருக்கு 200 மில்லிமோலுக்கும் மேல். நிறுத்தும் எண்ணம் சரி, அளவுதான் பிழை. ஆனால் அளவோடு எண்ணத்தையும் சேர்த்தே கைவிட்டார்கள். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள், ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே செய்ததுபோல் பனிக்குளிரான உப்புநீரை இதயத்தின் மேல் ஊற்றுவது, இடுக்கியை அவ்வப்போது திறந்து திறந்து மூடுவது, கரோனரித் தமனிகளுக்குள் தனிக்குழாய் வைத்து ரத்தம் பாய்ச்சுவது என்று ஆளுக்கொரு வழியில் போனார்கள்.

அந்தக் காலத்து அறுவை அறைகளில் ஒரு விசித்திரமான துயரம் நிகழ்ந்தது. ஓட்டை சரியாக அடைக்கப்பட்டிருக்கும். வால்வு கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஆயினும் இதயம் இயந்திரத்திலிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள மறுக்கும். பிணக்கூறாய்வில் கீழறைச் சுவரின் உள்ளடுக்குத் தசை செத்திருப்பது தெரியும். 1972-இல் ஹூஸ்டனின் டென்டன் கூலி, இதன் உச்ச வடிவத்துக்குக் 'கல் இதயம்' என்று பெயரிட்டார். அறுவை முடிந்த பிறகு சில இதயங்கள் சுருங்கிய நிலையிலேயே இறுகி, கையால் தொட்டால் கல்போல் இருந்தன. எந்த மருந்துக்கும் அவை இளகவில்லை.

இந்தக் கல்லைப் புரிந்துகொண்டபோதுதான் எனக்கு எல்லாமே புரிந்ததுபோல் இருந்தது. தசை சுருங்குவதற்கு ஆற்றல் வேண்டும் என்று நமக்குத் தெரியும். அது தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். தசைக்குள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும் இரண்டு வகை இழைகள் உள்ளன. பிடித்த பிடியை விடுவதற்கு ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து சேர வேண்டும். சேமிப்பு முழுவதும் தீர்ந்துபோனால் பிடி பிடித்தபடியே நின்றுவிடும். இறந்த உடல் விறைப்பதும் இக்காரணத்தால்தான். ஆக, ஓய்வு என்பது ஆற்றல் தீர்ந்த பிறகு தானாக வந்து சேரும் நிலையன்று. கையிருப்பு இருக்கும்போதே எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. உழைத்து உழைத்து ஓய்ந்து நின்ற இதயமும், உழைப்பைத் தொடங்கவிடாமல் முன்கூட்டியே உறங்கவைக்கப்பட்ட இதயமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் அசையாமல் இருக்கலாம். முன்னது கல்லாகிக்கொண்டிருக்கிறது, பின்னது உறங்குகிறது.

கணக்கும் இதையே சொல்கிறது. நிறைந்த வேலையில் உள்ள இதயத்தின் ஒவ்வொரு 100 கிராம் தசையும் நிமிடத்துக்குச் சுமார் 9 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனை உண்கிறது. இயந்திரம் பொறுப்பேற்ற பின் வெறுமனே துடித்துக்கொண்டிருந்தால் 5 அல்லது 6. பொட்டாசியத்தால் நிறுத்திவிட்டால், குளிர்விக்காமலேயே, ஏறத்தாழ 1. அதன்மேல் 22 டிகிரிக்குக் குளிர்வித்தால் 0.3. முதன்மையான சேமிப்பு நிறுத்துவதிலிருந்தே வருகிறது. குளிர் அதற்குமேல் கூட்டித் தருவது. மெல்ரோஸின் எண்ணத்தைக் கைவிட்ட ஆண்டுகளில் பெரிய காப்பை விட்டுவிட்டுச் சிறிய காப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது பார்க்கையில் தோன்றுகிறது.

1973-இல் அமெரிக்காவில் வில்லியம் கே, பால் ஏபர்ட் இருவரும் குறைந்த செறிவில் பொட்டாசியம் தசையைக் கெடுக்காமல் நிறுத்துகிறது என்று காட்டினார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஆய்வாளர் டேவிட் ஹெர்ஸும் அறுவை மருத்துவர் மார்க் பிரைம்பிரிட்ஜும் எலி இதயங்களில் ஒவ்வோர் உப்பாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, 1970களின் நடுவில் ஒரு கரைசலை உருவாக்கினார்கள். அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 16 முதல் 20 மில்லிமோல். மெல்ரோஸின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கூடவே மக்னீசியம், சிறிதளவு கால்சியம். ஜெர்மனியின் பிரெட்ஷ்னைடர் பொட்டாசியத்தை நம்பாமல், சோடியத்தை வெகுவாகக் குறைத்து நிறுத்தும் வேறொரு கரைசலைக் கண்டார். லாஸ் ஏஞ்சலிஸில் ஜெரால்ட் பக்பர்க் குழுவினர் 1970களின் இறுதியில், வெறும் உப்புநீருக்குப் பதிலாக நோயாளியின் ரத்தத்தையே ஊர்தியாக்கி, நான்கு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு கரைசல் என்ற அளவில் செலுத்தினார்கள். உறங்கும் இதயத்துக்கும் சிறிது உணவு கிடைக்கட்டும் என்பது அவர்கள் வாதம். பிட்ஸ்பர்க்கில் குழந்தைகளுக்காகப் பெட்ரோ டெல் நீடோ குழுவினர் 1990களில் உருவாக்கிய கலவையில் இந்த விகிதம் தலைகீழ்: ஒரு பங்கு ரத்தம், நான்கு பங்கு கரைசல், அதோடு லிடோகெயின். ஒருமுறை செலுத்தினால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாங்கும் என்பதால் இப்போது பெரியவர்களுக்கும் பரவலாகப் பயன்படுகிறது. டொராண்டோவில் சிலர் குளிரே வேண்டாம், வெதுவெதுப்பான ரத்தமே போதும் என்றார்கள். 1994-இல் 1,732 நோயாளிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தும் வழக்கு ஒரு பக்கமாகத் தீர்ந்துவிடவில்லை. எந்தக் கலவை சிறந்தது என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. நிறுத்த வேண்டுமா என்ற விவாதம், வால்வு மாற்றும் அறுவையைப் பொறுத்தவரை, ஏறத்தாழ முடிந்துவிட்டது.

*

அக்காவின் இதயத்தில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. பொதுவாக இடுக்கிக்குக் கீழே மகாதமனியின் அடியில் ஊசி செருகிக் கரைசலைச் செலுத்துவார்கள்; அது கரோனரித் தமனிகளுக்குள் பாயும். வால்வு கசிந்தால் கரைசல் தமனிகளுக்குப் போகாமல் கீழறைக்குள் வழிந்துவிடும். போதாததற்கு அறையை ஊதவும் செய்யும். ஆகவே மகாதமனியைத் திறந்து, இரண்டு கரோனரி வாய்களிலும் நேராகக் குழாய் வைத்துச் செலுத்தியிருக்கிறார்கள். இரண்டாவது, தடித்த சுவர். தடித்த தசைக்குத் தேவை மிகுதி. உள்ளடுக்குக்கு வெளியிலிருந்து ரத்தம் சென்று சேர்வது கடினம். கூலி கண்ட கல் இதயங்களும் பெரும்பாலும் இத்தகைய தடித்த இதயங்களே. அதனால் அடுத்தடுத்த தவணைகளைக் கரோனரி சைனஸ் வழியாக, அதாவது இதயத்தின் ரத்தம் வடிந்து வெளியேறும் சிரை வழியாக, எதிர்த்திசையில் அனுப்பியிருக்கிறார்கள். வாய்க்காலில் முகப்பிலிருந்து நீர் எட்டாத வயலுக்குக் கடைமடையிலிருந்து ஏற்றிப் பாய்ச்சுவது போன்றது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தவணை. இதய-நுரையீரல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் கடிகாரத்தைப் பார்த்து மருத்துவருக்கு நேரம் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

மூன்றாம் வரி, அம்மாவின் கேள்வி. நிறுத்தினால் மறுபடி ஓடுமா?

இதயத்துக்கு வெளியிலிருந்து கட்டளை தேவையில்லை. மேலறையின் ஓரத்தில் உள்ள ஒரு சிறு முடிச்சு தானே மின்துடிப்பை எழுப்புகிறது. பொட்டாசியம் செய்வது, அந்தத் துடிப்புக்குத் தசையணுக்கள் செவிசாய்க்காதபடி அவற்றின் கதவுகளை அடைத்து வைப்பது. இடுக்கியை எடுத்ததும் புது ரத்தம் பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. கதவு திறக்கிறது. சில இதயங்கள் ஒழுங்கற்றுத் துடிதுடிக்கும். ஒரு மின்னதிர்ச்சி கொடுத்து நேராக்குவார்கள். பல இதயங்கள் தாமாகவே மெல்ல எழுந்து லயத்தைப் பிடித்துக்கொள்ளும். மருத்துவர் அம்மாவிடம் சொன்னது ஆறுதலுக்காகச் சொன்ன சொல் அல்ல, அப்பட்டமான உடலியல்.

ஆனால் விழிப்பும் ஆபத்தான நேரம்தான். 1966-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சிம்மர்மன், ஹுல்ஸ்மன் என்ற இருவர் எலி இதயத்துக்குச் சிறிது நேரம் கால்சியமே இல்லாத கரைசலைத் தந்து, பிறகு இயல்பான கால்சியத்தைத் திருப்பித் தந்தபோது தசையணுக்கள் சிதைந்துபோனதைக் கண்டார்கள். இல்லாமை செய்த கேட்டைவிட, திரும்பி வந்த செல்வம் செய்த கேடு பெரிது. பட்டினி கிடந்தவனுக்கு எடுத்த எடுப்பில் விருந்து வைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் தெரிந்த நியதி. எனவேதான் செயின்ட் தாமஸ் கரைசலில் சிறிதளவு கால்சியம் விட்டுவைக்கப்பட்டது. இடுக்கியை எடுக்குமுன் வெதுவெதுப்பான ரத்தத்தை மெதுவான அழுத்தத்தில் கொடுக்கும் வழக்கமும் வந்தது. எல்லாம் சரியாக நடந்தாலும் தசை சில மணி நேரம், சில நாட்கள் சோர்ந்திருக்கும். செத்திருக்காது, முழுதாக வேலையும் செய்யாது. 1982-இல் பிரான்வால்டும் குளோனரும் இந்த நிலைக்குக் கொடுத்த பெயரைத் 'திகைத்த தசை' என்று தமிழாக்கலாம். அக்காவின் இதயம் இரண்டு நாள் திகைத்திருந்தது. மருந்துச் சொட்டுகளின் துணையோடு மெல்ல மெல்லத் தெளிந்தது.

இப்போது அக்கா நன்றாக இருக்கிறார். ஓராண்டு கழித்து எடுத்த எக்கோவில் அந்த 45 சதவீதம் 55 ஆகியிருந்தது. தினமும் அசிட்ரோம் மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. இரவின் அமைதியில் பக்கத்தில் உட்கார்ந்தால் உலோக வால்வின் டிக் டிக் ஒலி நமக்கும் கேட்கும். அந்த ஒலியைக் கேட்பவர்கள் வால்வைத்தான் வியக்கிறார்கள். வால்வைத் திறக்கும் தசையை யாரும் நினைப்பதில்லை.

*

அதே வாரம், அதே மருத்துவமனையில், முப்பது வயதை எட்டாத ஓர் இளைஞருக்கு இரண்டு வால்வுகள் மாற்றப்பட்டன. அவருக்கும் சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல்தான். மூச்சிரைப்பை இளைப்பு என்று எண்ணி, வேலையை விட முடியாமல், மாத்திரையில் ஆறேழு ஆண்டுகளைக் கடத்தியிருந்தார். வந்து சேரும்போது அவர் இதயம் 25 சதவீதமே உந்தியது. மூன்றாம் நாள் அதிகாலை, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவர் மனைவியிடம் மருத்துவர் சொன்னது எனக்கும் கேட்டது: "வால்வு ரெண்டும் நல்லா வேலை செய்யுதும்மா. தசைதான் எழுந்திருக்க மாட்டேங்குது." அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவருக்கும் அதே கரைசல், அதே குளிர், அதே கவனம்தான் தரப்பட்டிருக்கும். பல நாட்களுக்குப் பிறகே அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. நூறாண்டுக்கும் மேலாகத் தவளையிலும் எலியிலும் மனிதரிலும் கற்றுத் தேர்ந்த இந்தக் காப்பு, உள்ளே கொண்டுவரப்பட்ட தசையை அப்படியே வெளியே அனுப்பிவைக்க வல்லது. அதற்கு முன்பே செலவழிந்துபோனதை அது மீட்டுத் தராது. துயிலுக்குப் போகும்போது கையிருப்பு இருக்க வேண்டும். இருந்தால்தான் எழுந்திருக்க முடியும். அக்காவுக்கும் அந்த இளைஞருக்கும் இருந்த தொலைவு, அவர்கள் அந்த மேசைக்கு வந்து சேர்ந்த ஆண்டுகளின் தொலைவே.

எனவே இதய அறுவை என்றதும் அந்த 78 நிமிடங்களை எண்ணி அஞ்சி நாளைக் கடத்துபவர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த நிமிடங்கள் மனிதர்கள் மிகுந்த விழிப்போடு காவல் இருக்கும் நிமிடங்கள். காவலற்றவை அவற்றுக்கு முந்தைய ஆண்டுகள். தொண்டைப்புண்ணுக்குப் பின் மூட்டுகள் வீங்கும் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்ஸத்தீன் பெனிசிலின் ஊசி, காய்ச்சல் மறுபடி வந்து வால்வை மேலும் சிதைக்காமல் காக்கும். வீட்டில் யாராவது படியேற மூச்சிரைக்கிறது என்றாலோ, தலையணையை உயர்த்திக்கொண்டு உறங்கினாலோ, வயதாயிற்று என்று சொல்லித் தள்ளிவிடாமல் ஓர் எக்கோ எடுத்துப் பாருங்கள். தசை நன்றாக இருக்கும்போதே மருத்துவர் நாள் குறித்தால், அந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.